உயிரியலா, சுற்றுச்சூழல் அறிவியலா? வெளிநாட்டுப் படிப்பு பற்றி ஒரு வாசகிக்கு

கேள்வி: விலங்கியல் இளநிலை கடைசி ஆண்டு படிக்கிறேன். மதிப்பெண் சுமார்தான். தவளைகள் என்றால் எனக்கு உயிர். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்கு இரண்டு மழைக்காலமாக நானும் தோழியும் இரவில் போய், எத்தனை தவளைகள், எந்த இனம் என்று எண்ணிக் குறித்து வைத்திருக்கிறோம். வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க ஆசை. உயிரியல் எடுப்பதா, சுற்றுச்சூழல் அறிவியல் எடுப்பதா என்று குழப்பம். ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். பிரிட்டனில் ஓராண்டு சுற்றுச்சூழல் மேலாண்மை முதுநிலை படித்தால் உடனே வேலை, இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். அப்பா வீட்டை அடமானம் வைக்கவும் தயாராக இருக்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். அப்பாவிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள். அந்தப் படிப்பு மோசமானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது உங்களுக்கு ஏற்றதா என்று இதுவரை யாருமே பார்க்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன். மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் தருகிற கமிஷனில்தான் பல கன்சல்டன்சிகள் நடக்கின்றன. கமிஷன் தராத இடம் அவர்களுடைய பட்டியலில் வராது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை, கனடாவில் பேராசிரியரே பணம் தந்து சேர்த்துக்கொள்ளும் ஆய்வு முதுநிலை ஆகியவற்றைப் பற்றி உங்களிடம் யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வீட்டை அடமானம் வைக்கும் நிலையில் இருக்கும் ஒருவருக்கு முதலில் காட்ட வேண்டியவை அவைதான்.

சரி, உயிரியலா, சுற்றுச்சூழல் அறிவியலா? இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் அன்றாட வேலை வேறு வேறு. ஒரு ஏரியை வைத்துச் சொல்கிறேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அவற்றில் 226ஆம் எண் ஏரியை 1973இல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் நடுவில் ஒரு திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம், சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தக் கோரியவர்களுக்குப் பெரிய பலமாக இருந்தது.

அந்த ஏரியின் கரையில் உங்களை நிறுத்தினால் உங்கள் மனம் எந்தப் பக்கம் போகும்? அந்தப் பச்சை நீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து, இது எந்தப் பாசி, ஏன் மற்றதையெல்லாம் முந்திக்கொண்டு வளர்ந்தது, இதைத் தின்னும் சிற்றுயிர்கள் என்ன ஆயின என்று கேட்டால் நீங்கள் உயிரியல் பக்கம். இந்தப் பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது, ஆண்டுக்கு எத்தனை கிலோ, அதைப் பாதியாகக் குறைத்தால் ஏரி தெளிய எத்தனை ஆண்டு ஆகும், சட்டத்தில் என்ன வரம்பு வைக்கலாம் என்று கேட்டால் சுற்றுச்சூழல் அறிவியல் பக்கம். பின்னதில் வேதியியல், நீரியல், மண், சட்டம், பொருளாதாரம் எல்லாம் கலந்து வரும். சுற்றுச்சூழல் மேலாண்மை என்ற பெயரில் இருப்பவற்றில் பல, இன்னும் ஒரு படி தள்ளி, கொள்கையும் நிறுவன நிர்வாகமும் கற்றுத் தருபவை. அவற்றில் ஒரு தவளையைக்கூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குளம், மழைக்காலம், இரவு, எண்ணிக்கை எல்லாம் உங்கள் சொற்கள். மேலாண்மை என்பது கன்சல்டன்சியின் சொல். நீங்கள் தேட வேண்டியது உயிரியலுக்குள் இருக்கும் சூழலியல் அல்லது பாதுகாப்பு உயிரியல். எனக்கு இதில் தயக்கம் இல்லை.

ஆனால் படிப்பின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் ஒரு பல்கலைக்கழகம் காட்டுக்கு அனுப்பும், இன்னொன்று வகுப்பறையிலேயே வைத்திருக்கும். ஒவ்வொரு பருவத்திலும் என்னென்ன பாடங்கள் என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். போன ஆண்டு மாணவர்கள் எழுதிய ஆய்வேடுகளின் தலைப்புகள் கிடைத்தால் அதைவிட நல்லது. ஆய்வேட்டுக்கு எவ்வளவு காலம் தருகிறார்கள் என்பதை நான் மிக முக்கியமாகப் பார்ப்பேன். ஐரோப்பாவில் இரண்டாண்டு முதுநிலை பெரும்பாலும் 120 கிரெடிட். அதில் ஆய்வேடு 30 முதல் 60 வரை இருக்கும். 60 என்றால் முழுதாக ஓர் ஆண்டு. பிரிட்டனின் ஓராண்டுப் படிப்பில் கடைசி மூன்று, நான்கு மாதம்தான் ஆய்வுக்கு. அது அங்கே கோடைக்காலம். நீங்கள் ஆராய நினைக்கும் தவளை அந்த மாதங்களில் சத்தம் போடாவிட்டால் காத்திருக்க நேரம் கிடையாது. பிரிட்டனில்தான் படிக்க வேண்டும் என்றால் எம்ரெஸ் என்கிற ஆய்வு முதுநிலையைப் பாருங்கள். அதில் ஆய்வுக்குக் கூடுதல் மாதங்கள் கிடைக்கும்.

எந்த நாடு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாட்டை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு படிப்பைத் தேடுவது தலைகீழான வழி என்பது என் கருத்து. தவளையிலிருந்தே தொடங்குங்கள். உலகமெங்கும் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1998இல் ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் செத்துக்கொண்டிருந்த தவளைகளின் தோலில் அதைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பு, குறைந்தது 501 நீர்நிலவாழ் இனங்களின் வீழ்ச்சியில் அதற்குப் பங்கு உண்டு என்றும், அவற்றில் 90 இனங்கள் அழிந்தே போயிருக்கலாம் என்றும் சொன்னது. அதன் பங்காளிப் பூஞ்சை ஒன்று, தவளையின் வாலுள்ள உறவினமான சாலமாண்டர்களை நெதர்லாந்தில் வாரிக்கொண்டு போனது. அதை 2013இல் அடையாளம் கண்டவர்களில் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் முன்னணியில் இருந்தார்கள். காட்டில் காப்பாற்ற முடியாத தவளைகளைப் பனாமாவில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனம் கூடத்தில் வைத்து வளர்க்கிறது. ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் நகரத்தின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் இந்தப் பூஞ்சை பற்றிப் பல ஆண்டு வேலை நடந்திருக்கிறது.

பார்த்தீர்களா, ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கென்ட்டும் டவுன்ஸ்வில்லும் பனாமாவும் தானாக வந்துவிட்டன. தரவரிசைப் பட்டியலை மேலிருந்து படித்தால் இவை எப்போது கண்ணில் படுமோ தெரியாது. உங்களுக்குப் பிடித்தது நோயாக இல்லாமல் தவளையின் குரலாகவோ குளங்களின் அழிவாகவோ இருக்கலாம். எதுவானாலும் வழி இதேதான். கடந்த ஐந்து ஆண்டுகளில் வந்த பத்துக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் ஆசிரியர் வரிசையில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தின் தலைவருடையது. அந்தப் பத்துப் பெயரும் அவர்கள் இருக்கும் ஊரும்தான் உங்களுக்கான தரவரிசை.

இனி பணம். இதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் வீடு இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகை மட்டும் உண்டு. விதிவிலக்கு, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம். அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். வனவியலுக்குப் பெயர்பெற்ற ஃப்ரைபர்க் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. கட்டணம் இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவைக் காட்டியாக வேண்டும். இதை எழுதும்போது ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கு ஒன்றில் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். அது உங்கள் பணம்தான், அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பி வரும். மதிப்பெண் சுமார் என்கிறீர்களே, அதையும் இங்கே கவனியுங்கள். ஜெர்மனியில் 1தான் உயர்ந்த மதிப்பு, எண் கூடக் கூடத் தரம் இறங்கும். பல முதுநிலைப் படிப்புகள் 2.5க்குள் கேட்கும். உங்கள் மதிப்பெண்ணை அந்த அளவுகோலுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

எராஸ்மஸ் முண்டஸ் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். குறைந்தது இரண்டு நாடுகளில் படிப்பீர்கள். கடல் உயிரின வளம் பற்றிய படிப்பை கென்ட் ஒருங்கிணைக்கிறது. வெப்பமண்டலப் பல்லுயிர் பற்றிய ஒன்றை பிரசல்ஸ் பல்கலைக்கழகம் நடத்தி வந்தது. போட்டி கடுமையாக இருக்கும். விண்ணப்பம் பெரும்பாலும் குளிர்கால மாதங்களிலேயே முடிந்துவிடும். உதவித்தொகை இல்லாமல் இடம் மட்டும் தருகிறோம் என்று கடிதம் வந்தால், மகிழ்ச்சியில் உடனே ஒப்புக்கொண்டுவிடாதீர்கள்.

வடக்கு ஐரோப்பாவில் படிப்பு இலவசம் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது பழைய கதை. டென்மார்க் 2006இலும், ஸ்வீடன் 2011இலும், பின்லாந்து 2017இலும், நார்வே 2023இலும் வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் கொண்டுவந்துவிட்டன. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகம் இந்தத் துறையில் மிகச் சிறந்தவற்றில் ஒன்று. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 20,000 யூரோ ஆகும். உதவித்தொகை இல்லாமல் அங்கே போகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு வேடிக்கை, இதே ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் முனைவர் பட்டம் என்பது சம்பளம் வாங்கும் வேலை. பொதுவாக நான்கு ஆண்டு ஒப்பந்தம், கட்டணம் இல்லை. ஆகவே முதுநிலையை ஜெர்மனியில் முடித்துவிட்டு முனைவர் படிப்புக்கு அந்நாடுகளுக்குப் போவது நல்ல பாதை.

அமெரிக்காவில் இளநிலை முடித்தவுடனேயே முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து, ஆறு ஆண்டு ஆகும். கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை செய்தால் கட்டணத்தை விட்டுக்கொடுத்து மாதத் தொகையும் தருவார்கள். கனடாவில் ஆய்வேடு எழுதும் முதுநிலைக்குப் பெரும்பாலும் இதேபோலப் பணம் உண்டு. ஆனால் உங்களை எடுத்துக்கொள்ள ஒரு பேராசிரியர் முதலில் சம்மதிக்க வேண்டும். மதிப்பெண் நடுத்தரமாக இருந்து, கையில் களப்பணி இருக்கும் ஒருவருக்கு இந்தக் கனடா வழி மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். அங்கே முடிவெடுப்பதில் உங்கள் கடிதத்தைப் படிக்கும் ஒரு மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது? நான் செய்த தவறைச் சொல்கிறேன். என்னுடைய முறை வந்தபோது, மரியாதைக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு என்று தொடங்கி ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினேன். உங்கள் சிறப்பான ஆய்வுகளைக் கண்டு வியந்தேன் என்று எல்லோருக்கும் ஒரே வரி. இரண்டு மாதம் காத்திருந்தேன். ஒருவரும் பதில் போடவில்லை. மனம் உடைந்து போனேன். பிறகு ஒருவருடைய கட்டுரையை மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். அவர் மாதிரி எடுத்த குளங்கள் எல்லாமே சாலையோரம் இருந்தன. அதனால் முடிவு மாறியிருக்குமா என்று கேட்டு எட்டு வரியில் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. அந்தச் சந்தேகம் எங்களுக்கும் உண்டு, பேசலாமா என்று கேட்டிருந்தார். அவரிடம்தான் படித்தேன்.

நீங்கள் எழுத வேண்டியதும் அவ்வளவுதான். நீங்கள் யார் என்று ஒரு வரி. உங்கள் குளத்தில் என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி. அவருடைய ஒரு கட்டுரையைப் பற்றி நிஜமாகவே உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி. அடுத்த ஆண்டு மாணவரை எடுக்கிறீர்களா என்று ஒரு வரி. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். முடிந்தால் அந்தக் கூடத்தில் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமும் பேசுங்கள். பேராசிரியர் எப்படிப்பட்டவர், வரைவைத் திருத்தித் தர எத்தனை நாள் எடுப்பார், களத்துக்குத் தனியாக அனுப்புவாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

உங்கள் குளத்துக் குறிப்புகளை நீங்கள் குறைவாக மதிப்பிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டு மழைக்காலப் பதிவு இளநிலை மாணவியிடம் இருப்பது அபூர்வம். அதை முதலில் கணினியில் ஏற்றுங்கள். தேதி, நேரம், மழை அளவு, இனம், எண்ணிக்கை, எத்தனை நிமிடம் நின்றீர்கள் என்று ஒவ்வொரு இரவுக்கும் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரி இருக்கட்டும். ஒன்றும் கிடைக்காத இரவுகளையும் விடாமல் சேருங்கள், அவை மிக முக்கியம். ஏனென்றால் ஒரு தவளை கண்ணில் படவில்லை என்றால் அது அங்கே இல்லை என்று ஆகிவிடாது. இருந்தும் சத்தம் போடாமல் இருந்திருக்கலாம். திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த பதிவு இருந்தால், தவளை இருந்து நாம் தவறவிட்டது எவ்வளவு என்று புள்ளியியல் முறையில் கணக்கிட முடியும். அந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் சூழலியலின் பெரிய பகுதி உங்கள் கைக்கு வந்துவிடும்.

இதற்கு ஆர் என்ற நிரல்மொழி வேண்டும். இலவசம். வரைபடம் போட கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம். உயிரினங்களைப் பார்த்ததைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படத்தோடு நீங்கள் ஏற்றும் பதிவுகளை மற்றவர்கள் சரிபார்த்து உறுதி செய்தால், உரிம அனுமதி தந்திருக்கும் பட்சத்தில், ஜிபிஐஎஃப் என்ற உலகப் பொதுத் தரவுத்தளத்துக்கும் போய்ச் சேரும். விலங்குகள் மேல் உள்ள அன்பால் இந்தப் படிப்புக்கு வந்து, முதல் பருவத்தில் புள்ளியியல் தாளில் திணறி அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போதே வாரம் ஐந்து மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். குளத்துத் தரவை வைத்தே கற்றுக்கொள்ளுங்கள், சலிப்பு வராது.

உடனே வேலை என்று சொன்னார்களே, அதைப் பற்றியும் உள்ளதைச் சொல்கிறேன். வேலை உண்டு, ஆனால் அது பட்டத்தைப் பார்த்து மட்டும் வருவதில்லை. இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரி முதல், பெரிய கட்டுமானம் செய்பவர்கள் அந்த நிலத்தின் பல்லுயிர் மதிப்பை முன்பிருந்ததைவிட 10 சதவீதமாவது கூட்டிக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அதனால் சூழலியல் ஆலோசகர்களுக்குத் தேவை இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு அந்த ஊர்ச் செடிகளையும் வௌவால்களையும் நியூட் என்கிற வாலுள்ள நீர்நிலவாழ்வியையும் பார்த்தவுடன் பெயர் சொல்லத் தெரிய வேண்டும், ஓட்டுநர் உரிமமும் பெரும்பாலும் கேட்பார்கள். மேலாண்மைப் பாடம் இதில் எதையும் தராது. ஜெர்மனியில் படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் வரை தங்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கும் நகராட்சி, மாநிலச் சூழல் துறை, ஆலோசனை நிறுவனம் போன்ற இடங்களில் ஜெர்மன் மொழி இல்லாமல் பெரும்பாலும் வேலை நடக்காது. அங்கே போவதாக முடிவானால் மொழியை முதல் நாளிலிருந்தே படியுங்கள். ஆராய்ச்சியிலேயே இருப்பதானால் ஆங்கிலம் போதும்.

இன்னொன்று, இதைப் பலர் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறார்கள். வெளிநாட்டில் சேர்ந்துவிட்டு, ஆய்வை மட்டும் சொந்த நாட்டுத் தவளைகளை வைத்துச் செய்யலாம் என்று திட்டமிட்டால், மாதிரியை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதி வேண்டும். ஒரு நாட்டின் மரபணு வளங்களை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்துவதை ஒழுங்குபடுத்தும் நகோயா பன்னாட்டு ஒப்பந்தம் 2014இல் நடைமுறைக்கு வந்தபின் ஒரு தோல் துணுக்கையோ, அதிலிருந்து எடுத்த மரபணுப் பொருளையோ பையில் போட்டுக்கொண்டு போய்விட முடியாது. அனுமதிக்குப் பல மாதங்கள் ஆகலாம். குரல் பதிவு, படம், எண்ணிக்கை போன்றவற்றை வைத்து ஆய்வை அமைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் குறையும். பேராசிரியரிடம் பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஆண்டு போகமாட்டேன். பட்டம் முடித்ததும் ஓர் ஆண்டு எங்காவது ஆய்வுத் திட்டத்தில் கள உதவியாளராகச் சேருவேன். சம்பளம் குறைவாக இருக்கும். ஆனாலும் அந்த ஓர் ஆண்டில் உங்களைக் களத்தில் பார்த்த ஒருவர் பரிந்துரைக் கடிதம் எழுதுவார். வகுப்பில் நன்றாகப் படிப்பார் என்ற கடிதத்தையும், மழையில் மூன்று மணி நேரம் நின்று குறிப்பெடுத்தார் என்ற கடிதத்தையும் தேர்வுக் குழு ஒரே மாதிரி படிக்காது. நடுத்தர மதிப்பெண்ணை ஈடுகட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. இடையில் ஆங்கிலத் தேர்வையும் எழுதிவிடலாம். ஐஇஎல்டிஎஸ்ஸில் பெரும்பாலான இடங்கள் 6.5 கேட்கின்றன.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசிப்பீர்கள். அவர் மறுக்கவில்லை, வீட்டையே தரத் தயாராக இருக்கிறார். அந்த அன்புக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு ஒரு காகிதத்தில், அந்த ஓராண்டுப் படிப்பின் மொத்தச் செலவு, அதற்கான வட்டி, வேலை கிடைக்காமல் ஆறு மாதம் போனால் யார் தவணை கட்டுவது என்று எழுதிக் காட்டுங்கள். அதன் பக்கத்தில் இன்னொரு பத்தியாக ஜெர்மனி, எராஸ்மஸ், கனடா மூன்றையும் எழுதுங்கள். கனவை விடவில்லை, ஓர் ஆண்டு தள்ளிப் போடுகிறோம், வீட்டை வைக்காமலே போக வழி தேடுகிறோம் என்று அவருக்குப் புரிந்தால் போதும்.

இந்த வாரமே தொடங்குங்கள். குளத்துக் குறிப்பேட்டைக் கணினியில் ஏற்றுங்கள், பத்துக் கட்டுரைகளைத் தேடி எடுங்கள். பேராசிரியருக்கு எழுதும் முதல் கடிதத்தின் வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பிவையுங்கள், படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்கிறேன்.